அலாட்மென்ட் கிடைத்துவிட்டது, ஆனால் முழுக்க முள்: எங்கிருந்து தொடங்குவது?

கீரைப்பாத்தி (வடமேற்கு லண்டன்):

எல்லோருக்கும் வணக்கம். அலாட்மென்ட்டுக்காக, அதாவது கவுன்சில் (உள்ளாட்சி) பயிர் செய்யக் குத்தகைக்கு விடும் தோட்டத் துண்டுக்காக, நான்கு வருடம் வரிசையில் காத்திருந்து இந்த பிப்ரவரி கடைசியில்தான் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது. பாதி பிளாட் (அந்தத் தோட்டத் துண்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), 125 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் மூன்று சென்ட். சாவியை வாங்கிக்கொண்டு ஆசையாகப் போய்ப் பார்த்தால் மண்ணே கண்ணில் படவில்லை. இடுப்பளவுக்கு பிளாக்பெர்ரி முள், அதற்கு அடியில் ஏதோ புல், தோண்டினால் வெள்ளை வேர் கயிறு கயிறாக வருகிறது. அடியில் லண்டன் களிமண், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் மல்லுக்கட்டியதில் ஒரு கட்டில் அகலம்தான் சுத்தமானது.

ஜூன் கடைசியில் தோட்டத்தை நடத்தும் கமிட்டி பார்வையிட வரும், அதற்குள் கால்வாசி இடத்திலாவது பயிர் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்கள். ரோட்டவேட்டர் என்ற உழவு மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

இன்னொன்று. எங்கள் பிளாட்டுக்குக் கீழே சரிவு முடியும் இடத்தில் ஒரு பிளாட் சும்மா கிடக்கிறது. குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்பதால் எடுத்தவர்கள் எல்லாம் ஒரே வருடத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் குளமும் பொதுத் தோட்டமுமாக ஆக்கலாம் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் சொந்தப் பாத்தியே போடாதவள் ஊர்க்குளம் வெட்டப் போகலாமா என்று தயக்கம். அம்மா மே மாதம் வருகிறார், வெண்டை, அவரைக்காய், தண்டுக்கீரை விதை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாராம். எது வரும், எது வராது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒரு பரப்புக் காணி (ஹாரோ):

தங்கச்சி, ரோட்டவேட்டரைத் தொடவே வேண்டாம். நீங்கள் சொல்கிற வெள்ளை வேர் கௌச் புல்லாகவோ பைண்ட்வீட் கொடியாகவோ இருக்கும், இரண்டும் கலந்தும் இருக்கலாம். அந்த வேரில் ஒரு விரற்கடைத் துண்டு மிஞ்சினாலும் முளைக்கும். மெஷின் ஓட்டினால் ஒரு வேரை நூறாக நறுக்கி நீங்களே நட்ட மாதிரி. நான் வந்த முதல் வருடம் அதைத்தான் செய்தேன், இரண்டு வருடம் அதற்காகக் குனிந்தேன்.

முள்ளை வெட்டி எடுங்கோ. அதன் அடிக்கட்டை மட்டும் மண்வெட்டியால் கிளப்ப வேண்டும், மற்ற இடத்தைக் கிண்ட வேண்டாம். பழைய அட்டைப்பெட்டிகளை டேப்பைக் கிழித்துவிட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே கருப்பு பாலித்தீனைப் போட்டுக் கல்லு வையுங்கோ. வெளிச்சம் இல்லாமல் ஒரு வருடம் கிடந்தால் கௌச் புல் அழுகிவிடும், பைண்ட்வீட் அடங்க இன்னும் நாள் எடுக்கும். யாராவது பழைய கார்ப்பெட் தருகிறோம் என்றால் வாங்காதையுங்கோ. பிளாஸ்டிக் நார் மண்ணோடு கலந்துவிடும், கன இடங்களில் இப்போது தடை.

திறந்து வைப்பது இரண்டே பாத்தி, அதற்கு மேல் வேண்டாம். ஒன்றில் இந்த ஏப்ரலிலேயே உருளைக்கிழங்கு. கிழங்கு வைக்கவும் மண் அணைக்கவும் கிண்டும்போதே வேரைப் பொறுக்கிவிடலாம். மே கடைசியில் பாலித்தீனை மூன்று நான்கு இடத்தில் கிழித்து, குழிக்குக் கூட்டெரு போட்டுப் பூசணிக் கன்று வையுங்கோ. கொடி தானே ஓடி இடத்தை மூடும். கிழங்கும் பூசணியும் சேர்ந்தால் உங்கள் கால்வாசிக் கணக்குச் சரி. மூடி வைத்திருப்பது அடுத்த வருடத்துக்கான ஆயத்தம் என்று கமிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் இப்போதே போடுங்கோ. வாயால் சொன்னது நிற்காது.

அம்மாவின் விதை: தண்டுக்கீரை நன்றாக வரும், ஆனால் ஜூன் பிறக்கட்டும். லண்டனில் மே நடுப்பகுதி வரைக்கும் உறைபனிப் பயம் உண்டு. வெந்தயக்கீரை இப்போதே விதைக்கலாம். கொத்தமல்லியை ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் போடுங்கோ, நடுவில் போட்டால் இலை தர முன்னமே பூத்துவிடும். வெண்டை கண்ணாடி வீட்டுக்குள் என்றால் பார்க்கலாம். அவரைக்காய் வேண்டாம், சொன்னால் அம்மா கவலைப்படுவா. ஊர் அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். இங்கே ஜூனில் 16 மணித்தியாலத்துக்கு மேல் பகல், கொடி கூரை மட்டும் ஏறும், பூ வரும்போது அக்டோபர், அடுத்தது பனி. அந்தப் பந்தலில் ரன்னர் பீன்ஸ் ஏற்றுங்கோ, பிஞ்சாய்ப் பிடுங்கி வறை வைத்தால் அம்மாவே கேட்டு வாங்குவா. இன்னொன்று, பயணப் பெட்டியில் விதை கொண்டுவரத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். இங்கேயே தமிழ்க் கடைகளில் பாருங்கோ.

ஒரு சங்கதி சொல்ல ஆசை. இங்கே முழு பிளாட்டை இன்னமும் பழைய ஆங்கில நில அளவில் 10 ராட் என்றுதான் அளக்கிறார்கள். ராட், போல், பேர்ச் மூன்றும் ஒரே அளவு. யாழ்ப்பாணத்தில் 10 பேர்ச் ஒரு பரப்பு. முதல் நாள் இதைக் கணக்குப் பார்த்துவிட்டு வேலியோரத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அப்பாவிடம் இருந்ததும் வீட்டோடு ஒரு பரப்புத்தான்.

தவளைக்குளம் (தென் லண்டன்):

மேலே அண்ணா சொன்னதில் ஒன்றே ஒன்று சேர்க்க வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். முள்புதருக்குள் ரென், பிளாக்பேர்ட் எல்லாம் இருக்கும். கூட்டில் பறவை இருக்கும்போது தெரிந்தே கலைப்பது 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வெட்டுவதற்கு முன்பு பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஒரே புதருக்குள் ஒரு பறவை திரும்பத் திரும்ப அலகில் எதையாவது கவ்விக்கொண்டு போனால் அந்த மூலையைச் செப்டம்பர் வரை விட்டுவிடுங்கள்.

அப்புறம் குளம். சொந்தப் பாத்தி இல்லாதவள் என்று தயங்க வேண்டாம், அந்தக் குளத்தால் முதலில் பயன் அடையப் போவது சரிவின் மேலே இருக்கும் நீங்கள்தான். களிமண்ணில் கீரை விதைத்தால் முளை வந்த இரவே ஸ்லக் (ஓடில்லாத நத்தை) மேய்ந்துவிடும். எங்கள் தோட்டத்தில் குளம் வெட்டிய மூன்றாவது வசந்தத்தில் தவளை முட்டை வந்தது. ஸ்லக் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீல உருண்டை மருந்து போடுவதைப் பக்கத்து பிளாட்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த மெட்டால்டிஹைட் மருந்துக்கு 2022-இல் தடையும் வந்துவிட்டது.

செய்வதானால் ஆழம் நடுவில் ஒன்றரை இரண்டு அடி போதும், ஆனால் ஒரு பக்கமாவது கரை தட்டுப்போலச் சரிய வேண்டும். முள்ளெலி விழுந்தால் ஏறி வர வழி அதுதான். மழைத் தண்ணீரால் நிரப்புங்கள், குழாய்த் தண்ணீரில் பாசி அள்ளும். மீன் விடாதீர்கள், மீன் தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். வேறு குளத்திலிருந்து முட்டையை வாளியில் கொண்டுவராதீர்கள், நோயும் கூடவே வரும், தவளை தானாக வழி கண்டுபிடிக்கும். செடியை யாராவது இலவசமாகக் கொடுத்தால் என்ன செடி என்று கேளுங்கள். பாரட்ஸ் ஃபெதர், மிதக்கும் பென்னிவொர்ட் உட்பட ஐந்து நீர்ச்செடிகளின் விற்பனையை இங்கிலாந்தில் 2014-இலேயே தடை செய்துவிட்டார்கள். ஒரு துண்டு போனால் குளத்தையே அடைத்துவிடும். குழந்தைகள் வருவார்கள் என்றால் மேலே இரும்பு வலைத்தட்டு கட்டாயம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வரிசை எண் 61 (கிழக்கு லண்டன்):

மன்னிக்கவும், எனக்கு இது வலிக்கிறது. நான் ஐந்து வருடமாக வரிசையில் நிற்கிறேன். ஃபிளாட்டில் நான்காவது மாடி, பால்கனிகூட இல்லை, ஜன்னலோரம் இரண்டு தொட்டியில் மிளகாய் வைத்திருக்கிறேன். ஒரு முழு பிளாட்டைத் தவளைக்குக் கொடுக்கிறோம் என்று படிக்கும்போது அந்த இடத்தில் ஒரு குடும்பம் சாப்பிடலாமே என்றுதான் தோன்றுகிறது. பாத்தியை உயர்த்திக் கட்டினால் தண்ணீர் நிற்கும் இடத்திலும் பயிர் செய்யலாம் இல்லையா?

தவளைக்குளம்:

நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். எங்கள் கமிட்டியிலும் இதே சண்டை ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தது. கடைசியில் தண்ணீர் நிற்கும் கீழ்ப் பாதியைக் குளத்துக்கு விட்டோம். காய்ந்த மேல் பாதியில் எட்டு உயர்ந்த பாத்தி கட்டி வரிசையில் நிற்பவர்களுக்கே கொடுத்தோம். முழு பிளாட்டுக்கான முறை வரும் வரை அவர்கள் அதில் பயிர் செய்யலாம், வரிசை எண்ணும் போகாது. இரண்டு வருடம் அந்தச் சிறு பாத்தியில் பழகியவர்கள் பெரிய பிளாட் கிடைத்ததும் விட்டுவிட்டுப் போகவில்லை. கீரைப்பாத்தி, உங்கள் கமிட்டியிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். 61, உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காலியாகக் கிடக்கும் ஈரமூலை எது என்று பார்த்து நீங்களும் எழுதிக் கேளுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம், குளம் வெட்டக் கவுன்சிலின் எழுத்து அனுமதி வாங்குங்கள். உங்கள் இடம் சட்டப்பூர்வ அலாட்மென்ட்தானா, அதாவது அலாட்மென்ட்டுக்கென்றே கவுன்சில் வாங்கியோ ஒதுக்கியோ வைத்த நிலமா என்றும் அப்போதே கேட்டு வையுங்கள். அப்படி இருந்தால் 1925-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் கவுன்சில் அதை விற்க முடியாது. தற்காலிக இடம் என்றால் அந்தக் காப்பு கிடையாது. பயிர் செய்யாமல் கிடக்கும் மூலைகள் எங்கே அதிகமோ அங்கேதான் வீடு கட்டும் பேச்சு முதலில் வரும்.

கீரைப்பாத்தி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முள்ளை முக்கால்வாசி வெட்டிவிட்டோம். வடக்கு மூலையில் பிளாக்பேர்ட் கூடு இருக்கிறது, அதை விட்டுவிட்டோம், என் மகள் அங்கே கயிறு கட்டி வைத்திருக்கிறாள். சைக்கிள் கடையில் பெரிய அட்டைப்பெட்டிகளைச் சும்மாவே தந்தார்கள். கிழங்கு நட்டாயிற்று. பொதுப் பாத்தி யோசனையைக் கமிட்டியில் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் எடுக்கிறார்கள். குளத்துக்கு அளவு பார்க்க நானும் போயிருந்தேன்.

ஒரு சந்தேகம். பூசணிக் குழிக்குப் போடக் குதிரை லாயத்திலிருந்து இலவசமாக எரு கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எடுக்கலாமா?

ஒரு பரப்புக் காணி:

உடனே போடாதையுங்கோ! புல்வெளியில் அடிக்கிற அமினோபைரலிட் என்ற களைமருந்து காய்ந்த தீவனப் புல்லில் இருந்து குதிரை வயிற்றுக்குள் போய், எருவிலும் அப்படியே இருக்கும். 2008-இல் நாடு முழுக்கத் தோட்டங்கள் பழுதாகி, அதன் விற்பனையையே கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், பிறகு நிபந்தனைகளோடு திரும்ப வந்துவிட்டது. எனக்கு ஒரு லாயத்து எருவால் ஒரு வருடத் தக்காளி முழுக்கப் போனது, கொடுத்தவருக்கும் தெரியாது பாவம். மூன்று தொட்டியில் அந்த எருவைக் கலந்தும், மூன்றில் கலக்காமலும் பிராட் பீன்ஸ் விதை போடுங்கோ. மூன்று நான்கு கிழமையில் இலை கிண்ணம் மாதிரிச் சுருண்டு பன்னச்செடி (ஃபெர்ன்) போல வந்தால் எருவில் மருந்து உண்டு.

கீரைப்பாத்தி:

அண்ணா, இன்று 26-ஆம் நாள். எரு கலந்த தொட்டிகளில் இரண்டில் இலை சுருண்டிருக்கிறது, கலக்காத மூன்றும் நேராக நிற்கின்றன. படம் எடுத்து வாயிலில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன். குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று. பூசணிக்குக் கவுன்சில் விற்கும் பச்சைக்கழிவு உரத்தை வாங்கப் போகிறேன், அதையும் முதலில் தொட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு. அம்மா வியாழக்கிழமை வருகிறார். அவரை விதையை ஊரிலேயே விட்டுவிட்டாராம்.