கொய்யா மரத்து இலைப்பூச்சியும் ரம்புட்டான் மரத்து இலைப்பூச்சியும் ஒரே இனமா?

மாத்தளை டீச்சர்:
வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தில் பார்த்தால் இலையே போலிருக்கும் இலைப்பூச்சி ஒன்று, பெண், கிடைத்தது. நல்ல பச்சை நிறம். வயிற்றின் மேல் இரண்டு பழுப்புப் பொட்டுகள். பத்து நாள் கழித்துப் பக்கத்து வளவு ரம்புட்டான் மரத்திலிருந்து பிள்ளைகள் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அது மஞ்சளோடிய பச்சை. பொட்டு இல்லை, ஓரம் மட்டும் பழுத்துக் காய்ந்த இலையைப் போலிருக்கிறது. இரண்டையும் வலை கட்டிய தனித்தனிக் கூடுகளில் வைத்திருக்கிறேன். இரண்டும் கொய்யா இலை தின்கின்றன.

பாடசாலைக் கண்காட்சிக்குப் பெயர் அட்டை எழுத வேண்டும். என்னிடமுள்ள பழைய புத்தகம் இலங்கை இலைப்பூச்சிக்கு பில்லியம் பயோகுலாட்டம் என்ற ஒரே பெயரைத்தான் தருகிறது. பொட்டு உள்ளதையும் இல்லாததையும் இரண்டு இனமாக எழுதலாமா? பிழையான பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மனம் வரவில்லை.

தேன்சிட்டு:
நிறமே வேறாக இருக்கும்போது இனமும் வேறாகத்தான் இருக்கும், டீச்சர். தைரியமாகப் பிரித்து எழுதுங்கள்.

கானகம்:
தேன்சிட்டு, இந்த இடத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். இலைப்பூச்சிகளில் ஒரே இனத்துக்குள்ளேயே பச்சை, மஞ்சள், பழுப்பு என எல்லாம் வரும். பொட்டும் அப்படித்தான். பயோகுலாட்டம் என்றால் இரு கண்ணுடையது என்று பொருள். பெயர் அப்படி இருந்தாலும் பொட்டே இல்லாத பூச்சிகளும் அந்த வகையில் உண்டு. வயிற்றின் அகலத்தையும் ஓர வளைவையும் கூட முழுதாக நம்ப முடியாது.

டீச்சர், நீங்கள் பார்க்க வேண்டியது முன்னங்காலை. தொடைக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள கணைக்காலின் இரு ஓரங்களையும் பாருங்கள். உட்பக்கத்தில் மட்டும் இலை போன்ற மடல் இருக்கிறதா, வெளிப்பக்கத்திலும் இருக்கிறதா? உட்கார்ந்திருக்கும்போது பூச்சி முன்தொடைகளுக்கு நடுவே தலையைப் புதைத்துக் கணைக்காலையும் மடக்கிக்கொள்ளும். அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு குச்சியில் நடக்கவிட்டு, பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துக் கைபேசியில் காணொளி எடுங்கள். காலைப் பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம். பிடித்த கையிலேயே காலைக் கழற்றிவிட்டுப் போய்விடும். முதிர்ந்த பூச்சிக்கு அது மறுபடி முளைக்காது.

மாத்தளை டீச்சர்:
நேற்றிரவு மேசை விளக்கில் பார்த்தேன். கொய்யா மரத்துப் பூச்சி காலை நீட்டியபோது கணைக்கால் ஒரு குட்டி இலையாகவே தெரிந்தது: நடுவில் நரம்பு போலக் கால், இரு பக்கமும் மெல்லிய பச்சைத் தகடு. ரம்புட்டான் பூச்சிக்கு உட்பக்கத்தில் மட்டும் தகடு. வெளியோரம் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக இருக்கிறது. மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், சந்தேகமே இல்லை.

ஒரு துக்கமான செய்தியும் உண்டு. ரம்புட்டான் பூச்சி இன்று காலை இறந்து கிடந்தது. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

கானகம்:
வருந்துகிறேன், டீச்சர். உடல் காய்ந்து விறைப்பதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள். இலை போலத் தெரியும் முன்சிறகை மெல்லத் தூக்கினால் அடியில் பின்சிறகு இருக்கிறதா? பில்லியம் பேரினத்துப் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) பெண்களுக்கு அங்கே சிறு குருத்து மட்டுமே இருக்கும்.

மாத்தளை டீச்சர்:
இருக்கிறது. குண்டூசியால் தூக்கினேன். விசிறி போல மடிந்த, கண்ணாடி நிறச் சிறகு. முழு நீளம்.

கானகம்:
அப்படியானால் உங்கள் கூடுகளில் இருந்தவை இரண்டு இனங்கள் மட்டுமல்ல, இரண்டு பேரினங்கள். தேன்சிட்டு சொன்ன முடிவு சரி, காரணம்தான் வேறு.

இருபுறமும் மடல் உள்ளது புல்க்ரிஃபில்லியம். இலங்கையில் அது புல்க்ரிஃபில்லியம் அகதிர்சஸ்; கிரே 1843-இல் பெயரிட்டது. நெடுங்காலம் இதையெல்லாம் பயோகுலாட்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள், உங்கள் புத்தகத்தில் இருப்பதும் அதுதான். வெளிமடல் இல்லாமல் முழுப் பின்சிறகு உள்ளது கிரிப்டோஃபில்லியம். இலங்கைக்குரியது கிரிப்டோஃபில்லியம் அதானிசஸ். வெஸ்ட்வுட் 1859-இல் விவரித்தார். இனத்தின் பெயர் பழையது என்றாலும் பேரினம் 2021-இல்தான் உருவானது. மரபணுக்களை ஒப்பிட்ட பிறகே இக்கூட்டம் பில்லியத்திலிருந்து பிரிந்து நிற்பது உறுதியாயிற்று. அதே கட்டுரையில் 13 புதிய இனங்களும் வந்தன. அட்டையில் இந்த இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

குடகுக்காரன்:
எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. தென்மேற்கு இந்தியாவின் புல்க்ரிஃபில்லியத்துக்கும் 2023-இல் தனிப்பெயர் கிடைத்திருக்கிறது: புல்க்ரிஃபில்லியம் அணங்கு. சங்கப் பாட்டில் படித்த சொல்லை ஒரு பூச்சியின் பெயரில் பார்த்தபோது மெய்சிலிர்த்தது. ஆகவே இந்தியப் படங்களை வைத்து இலங்கைப் பூச்சிக்குப் பெயர் தேடாதீர்கள்.

மாத்தளை டீச்சர்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். இன்று பிள்ளைகள் ஒல்லியான இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். உணர்கொம்பு நீளம், சிறகு கண்ணாடி போன்றது, நன்றாகப் பறக்கிறது. மூன்றாவது இனமா?

கானகம்:
அது ஆண், டீச்சர். பெண்ணின் உணர்கொம்பு தலையை ஒட்டிய சிறு குச்சி. ஆணுக்குத்தான் நீண்டிருக்கும், பறப்பதும் அவன்தான். எந்தப் பெண்ணுக்குரிய ஆண் என்பதைத் தோற்றத்தை வைத்துச் சொல்லத் துணியமாட்டேன். பப்புவா நியூ கினியில் நானோஃபில்லியம் என்ற பேரினத்தில் நூறாண்டுக்கு மேலாக ஆண்கள் மட்டுமே தெரிந்திருந்தன. 2018-இல் மொன்றியால் பூச்சியகத்தில் பில்லியம் அசேகியென்சே என்ற பெயரில் வந்த முட்டைகள் பொரித்து வளர்ந்தபோது, ஆண்களெல்லாம் நானோஃபில்லியமாக நின்றன. பெண்ணுக்கு ஒரு பேரினம், ஆணுக்கு ஒரு பேரினம் என்று அதுவரை எழுதிவந்திருக்கிறார்கள்!

உங்களுக்கும் அதே வழிதான்: முட்டையைப் பொரிக்கவிட்டு எந்த ஆண் வருகிறது என்று பாருங்கள். கூடுகளின் அடியில் முட்டை விழுந்திருக்கும். எச்சத்தோடு கூட்டித் தள்ளிவிடாதீர்கள்.

மாத்தளை டீச்சர்:
ஐயோ, அவை முட்டைகளா! அந்திமந்தாரை விதை போல வரிவரியாகக் கிடந்தன, இலையோடு வந்த விதை என்று நினைத்தேன். கொய்யாக் கூட்டில் 11, ரம்புட்டான் கூட்டில் 6. கூட்டிய குப்பையை இன்னும் கொட்டவில்லை.

கானகம்:
இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனிப் பெட்டியில் ஈர மணல்மேல் வையுங்கள். மூடியில் மரத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டம் வேண்டும். பொரிக்க மாதக்கணக்கில் ஆகும். குஞ்சுகள் வெளிவரும்போது பச்சையாக இருக்கமாட்டா, இலை தின்னத் தொடங்கிய பிறகே பச்சை ஏறும். அதைப் பார்த்துப் பிள்ளைகள் நான்காவது இனம் என்று ஓடிவருவார்கள்.

மாத்தளை டீச்சர்:
பெட்டிகள் தயார். மூடியில் எழுதும் வேலையை, ரம்புட்டான் பூச்சியைக் கொண்டுவந்த பிள்ளையிடமே கொடுத்திருக்கிறேன்.