தமிழாசிரியரோடு மாற்கு வாசித்தபோது

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடையில் பழக்கமானவர் அந்த ஐயா. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சுக்குப் பேச்சு தேவாரம். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்ததும் அவரே ஆரம்பித்தார்: "தம்பி, பஸ் ஸ்டாண்டுல கைப்பிரதி நெறய வாங்கிட்டேன். எல்லாத்துலயும் நான் நரகத்துக்குப் போவேன்னுதான் இருக்கு. உங்க இயேசு என்னதான் சொன்னாரு, செஞ்சாருன்னு முழுசாப் படிக்கணும்."

மாற்கு சுவிசேஷம் மட்டும் உள்ள சின்னப் புத்தகத்தைக் கொடுத்தேன். 16 அதிகாரம்தான். மனசுக்கு ஒட்டாத இடத்தில் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள் ஐயா, பேசுவோம் என்றேன்.

பென்சில் கோடுகள் நிறைய இருந்தன. 15:34-இல் மட்டும் இரட்டைக் கோடு. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு சிலுவையில் கதறும் இடம்.

"கடவுளோட மகன்னு சொல்லுதீங்க. அவரே இப்படிக் கதறுதாரு. அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில போட்டப்ப 'மாசில் வீணையும்'னு பாடினாரு தம்பி!"

நல்ல கேள்வி. மழுப்பக் கூடாது. பைபிளின் பழைய ஏற்பாட்டுப் பாடல்களில் ஒன்றான 22-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினேன். அது அதே வரியில்தான் தொடங்குகிறது. பார்ப்பவர்கள் தலையைத் துலுக்கி ஏளனம் செய்வது, உடைக்குச் சீட்டுப் போடுவது எல்லாம் அதில் உண்டு. பிற்பாதியோ முழுக்கத் துதி. பிறகு சொன்னேன்: "அப்பர் பாட்டை நான் குறைச்சுப் பேச மாட்டேன் ஐயா. அவருக்குக் காளவாய் குளிர்ந்தது. இயேசுவுக்குச் சிலுவை குளிரல, அதுலயே செத்தாரு. எத்தனையோ பேருக்குக் காளவாய் குளிர்றதே இல்ல. அந்த இடம் வரைக்கும் கடவுளே இறங்கி வந்தாரு, மூணாம் நாள் எழுந்தாரு. நான் அவரை நம்புறதுக்கு அதுதான் காரணம்."

அன்றுதான், அவர் துணைவியார் புற்றுநோயில் பட்ட பாட்டைச் சொன்னார். கேள்வி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

அத்தேனேயில் (ஏதென்ஸ் நகரில்) இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் செய்ததும் இதுதானே (பைபிளில் அப்போஸ்தலர் 17). ஊரைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துச் சொன்னார், உயிர்த்தெழுதலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சிலர் பரியாசம்பண்ணினார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். நமக்கும் அப்படித்தான் நடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் எடுத்தால் கடன் தீருமா என்று தெரிந்த பையன் ஒருவன் கேட்டான். "தீராது தம்பி, கடனை நாமதான் கட்டணும்" என்றேன். தீரும் என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்கள்மேல் எனக்குக் கடும் கோபம் உண்டு. அது சுவிசேஷம் கிடையாது, ஏமாற்று.

ஐயாவே ஒருநாள் எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தார். வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்று, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைப் பாடியவர். "கம்பன் வாடை அடிக்குது தம்பி" என்று ரசித்துச் சொன்னார்.

இப்போது அடுத்த சுவிசேஷமான லூக்காவில் இருக்கிறார். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனை அப்பா விருந்து வைத்து ஏற்றுக்கொள்ளும் கெட்ட குமாரன் கதையில், அதற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா என்று கேட்கிறார். இயேசு அதைச் சொல்லாமலே கதையை நிறுத்திவிட்டார். இந்தப் பகுதியை யாரோடாவது பேசியிருக்கிறீர்களா? எப்படிச் சொன்னீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுதுங்கள். வரும் வாரம் எனக்குத் தேவைப்படும்.