புதுப்பிப்பு: மாமாவின் மார்ட்டின் டி-28 எந்த வருடத்தது?

மாமா விட்டுச்சென்ற மார்ட்டின் (அமெரிக்க கிட்டார் நிறுவனம்) டி-28 கிட்டார் அறுபதுகளில் செய்ததா, என்ன விலை பெறும் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

கம்பிகளைத் தளர்த்தி, ஒலித்துளைக்குள் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பார்த்தேன். கழுத்து வந்து சேரும் கட்டையில் மாடல் பெயரும் அதன் கீழே வரிசை எண்ணும் தெளிவாகப் பதிந்திருந்தன. மார்ட்டின் வெளியிட்டிருக்கும் ஆண்டுப் பட்டியலில் அந்த எண் 1970-இல் விழுகிறது.

விலையைத் தீர்மானிப்பதே இதுதான். 1969-இல்தான் மார்ட்டின் பிரேசில் ரோஸ்வுட் மரத்தை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதற்கு முந்தையவை பல மடங்கு விலை போகும். ஆனால் பிரேசில் மரம் 1992 முதல் சைட்டிஸ் என்ற அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், நாடு விட்டு நாடு விற்க அனுமதிச் சீட்டு வேண்டும். என்னுடையது இந்திய மரம் என்பதால் அந்தத் தலைவலி எனக்கில்லை.

அப்புறம் நிலைமை. மேல்பூச்சு தொடப்படாதது, அதுவே பெரிய பலம்; மறுபூச்சு அடித்தால் மதிப்பு பாதியாகக்கூடக் குறையும். கறுப்பு பிக்கார்டு (மீட்டும்போது மரத்தில் கீறல் விழாமல் காக்கும் தகடு) சுருங்கி, அதன் ஓரமாக மேல்பலகையில் மெல்லிய விரிசல் ஓடுகிறது. அந்தக் காலத்து மார்ட்டின்களில் இது சகஜம். மேல்பலகையில் கம்பிகளைப் பிடிக்கும் பிரிட்ஜில், அவை படியும் சின்னப் பட்டையான சேடில் ஏற்கெனவே தேய்த்துத் தாழ்த்தப்பட்டும் கம்பிகள் உயரமாகவே நிற்கின்றன. நெக் ரீசெட் (கழுத்தைக் கழற்றி, கோணம் சரிசெய்து மறுபடி பொருத்துவது) தேவை, அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசவேண்டும்.

யாராவது பளபளவென்று பாலிஷ் போடச் சொன்னால், தயவுசெய்து வேண்டாம்.