நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தபின் பழைய நண்பர்களையும் உறவினர்களையும் மீண்டும் சந்திப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். படிப்பு முடிந்த கையோடு வேலைக்காக வெளிநாடு வந்தவன் நான். இடையில் ஊருக்குச் சென்றதெல்லாம் திருமணம், இறப்பு, பெற்றோரின் உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்காக அவசரமாகப் போய் அவசரமாகத் திரும்பிய பயணங்களே. யாரோடும் ஆற அமர உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது முதன்முறையாக, எந்தக் கட்டாயமும் இல்லாமல், மனிதர்களைப் பார்ப்பதற்காகவே சில வாரங்கள் விடுப்பு கிடைத்திருக்கிறது.

பள்ளிக்காலத்தில் உயிருக்குயிராய் இருந்த நண்பர்கள் சிலரோடு தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது. சண்டையோ மனக்கசப்போ ஏதும் இல்லை. பேச்சு குறைந்து, பிறகு நின்றுபோனது. இத்தனை ஆண்டுகள் கழித்துத் திடீரென்று எழுதினால், ஏதோ காரியம் ஆக வேண்டியிருப்பதால் தேடி வருகிறான் என்று நினைக்க மாட்டார்களா? உறவினர்களும் பலர் இருக்கிறார்கள். எல்லோரையும் பார்க்க நாள் போதாது, ஒருவரை விட்டாலும் வருத்தம் வரும். இவற்றைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நேரில் சந்தித்து நலம் விசாரித்து முடித்த பிறகு பேசுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது? இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் முதல் தயக்கம் மிகப் பரவலானது, பெரும்பாலும் ஆதாரமற்றது என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற இரு உளவியலாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கத்தையே ஆராய்ந்தது. பழைய நண்பரோடு மீண்டும் பேச விருப்பம் இருக்கிறது, எழுதினால் அவர் மகிழ்வார் என்ற எண்ணமும் இருக்கிறது, அவருடைய தொடர்பு விவரம் கையில் இருக்கிறது, செய்தியை எழுத நேரமும் ஒதுக்கித் தரப்பட்டது. இத்தனையும் அமைந்த பிறகும், பங்கேற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே அந்தச் செய்தியை அனுப்பினார்கள். காலம் செல்லச் செல்ல பழைய நண்பர் அந்நியரைப் போல் ஆகிவிடுகிறார் என்பதும், அந்நியரிடம் பேசத் தயங்குவதைப் போலவே அவரிடமும் தயங்குகிறோம் என்பதும் அந்த ஆய்வாளர்கள் கண்டவை. இப்போது நெருக்கமாக இருப்பவர்களுக்குச் சில நிமிடங்கள் செய்தி அனுப்பிப் பழகிய பின்னர் பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அனுப்பினார்கள். ஆகவே, அன்றாடம் பேசுகிறவர்கள் நான்கு பேருக்கு எழுதிவிட்டு, அந்தச் சூட்டோடு பழைய நண்பருக்கும் எழுதுங்கள்.

பெறுகிறவர் பக்கத்தை ஆராய்ந்த வேறோர் ஆய்வு பெக்கி லியுவும் அவருடைய குழுவினரும் 2022இல் வெளியிட்டது. நலம் விசாரித்து வரும் எதிர்பாராத செய்தியை, அனுப்பியவர் கருதியதைவிடப் பெற்றவர் அதிகமாகவே மதித்தார் என்பதும், அது எதிர்பாராததாக இருக்க இருக்க அந்த மதிப்பு கூடியது என்பதும் அதன் முடிவு. நீங்கள் எதைத் தடையாக நினைக்கிறீர்களோ, அந்த நீண்ட இடைவெளியே உங்கள் செய்திக்கு எடை கூட்டும்.

எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் 'எப்படி இருக்கிறாய்' என்று தொடங்கினால் அடுத்து என்ன வரப்போகிறதோ என்ற ஐயம் எழுவது இயல்பு. உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லித் தொடங்குங்கள். எழுதுவது நீங்கள்தான் என்பதற்கு அதுவே சான்றாகிவிடும். பிறர் பெயரில் கணக்குத் தொடங்கிப் பணம் பறிக்கும் காலத்தில் அந்தச் சான்று தேவைப்படுகிறது. வரும் தேதியைக் குறிப்பிடுங்கள், சந்திக்க விரும்புவதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், பதிலுக்கு நெருக்காதீர்கள். தொடர்பு எண் இல்லாதவர்களைப் பொதுவான நண்பர் வழியாகவோ முன்னாள் மாணவர் சங்கத்தின் வழியாகவோ தேடலாம். ஆனால் எண் கிடைத்ததும் நேரடியாக அழைக்காமல், உங்கள் எண்ணை அவரிடம் கொடுக்கும்படி இடையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்வதே மரியாதை.

அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலையும் வேண்டாம். பள்ளித் தோழர்களின் முகங்களை மக்கள் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஹாரி பாரிக் குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னும் ஏறத்தாழ 90 விழுக்காடு முகங்களைப் பங்கேற்றவர்கள் சரியாக அடையாளம் கண்டார்கள். பெயர்களைத் தாமாக நினைவுகூர்வதுதான் வெகுவாகக் குறைந்திருந்தது. முகம் தெரிந்து பெயர் வராவிட்டால் வெட்கப்படாமல் கேட்டுவிடலாம். எதிரில் இருப்பவருக்கும் பெரும்பாலும் அதே நிலைதான்.

மறுமொழி 2

நேரத்தைப் பங்கிடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். எல்லோரையும் ஒரே நாளில் ஓரிடத்தில் கூட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று வெளிநாட்டிலிருந்து வருகிற பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இயல்பாகக் கூடிப் பேசும் குழுக்களை ராபின் டன்பர் முதலானோர் 1995இல் ஆராய்ந்தபோது, ஓர் உரையாடலில் உண்மையாகப் பங்குகொள்பவர்கள் ஏறத்தாழ நான்கு பேர் என்றும், அதற்குமேல் ஆட்கள் சேர்ந்தால் பேச்சு தானாகவே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். இருபது பேர் கூடிய இடத்தில் படம் எடுத்துக்கொள்ள முடியும், வாழ்த்துச் சொல்ல முடியும். ஒருவர் தம் மனத்தில் இருப்பதைச் சொல்லவும் இன்னொருவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் முடியாது. பெரிய கூட்டம் ஒன்று இருக்கட்டும், யாரும் விடுபட்டதாக வருந்தாமல் இருக்க அது உதவும். அதையே சந்திப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உறவினர்களில் முதலிடம் வயதில் மூத்தவர்களுக்கு. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாதவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்கள் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர்களைப் பொது இடத்துக்கு வரவழைக்கக் கூடாது. ஒரு பெரியப்பாவிடமோ அத்தையிடமோ அரை நாள் உட்கார்ந்து, குடும்பத்தின் பழைய படங்களை எடுத்து வைத்து, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு, அவர்கள் இசைந்தால் அந்தக் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த வேலையை வேறு யாரும் செய்யப் போவதில்லை. நீங்கள் கேட்காவிட்டால் அந்தப் பெயர்கள் அவர்களோடு போய்விடும்.

நீண்ட பயணத்துக்குப் பிறகு உடல்கடிகாரம் புதிய நேரத்துக்குப் பழக, கடந்து வந்த ஒவ்வொரு மணி நேர வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. கிழக்கு நோக்கிய பயணத்தில் இது இன்னும் கடினம். எனவே முதல் சில நாள்களில் முக்கியமான சந்திப்பு எதையும் வைக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, இவருக்கு நம்மேல் நாட்டம் இல்லை என்று எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். இடையிடையே எந்த ஏற்பாடும் இல்லாத நாள்களையும் விட்டுவையுங்கள். ஒருவரோடு பேச்சு நன்றாக அமைந்துவிட்டால் மறுபடியும் ஒரு முறை பார்க்கத் தோன்றும். அப்போது நாள் இருக்க வேண்டும்.

மறுமொழி 3

மேலே சொல்லப்பட்டவை நல்ல ஆலோசனைகள். ஆனால் உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுவே இதில் மையமான கேள்வியாகத் தெரிகிறது.

ஆல்பிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர், ஆஸ்திரியாவிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர், ஊர் திரும்புகிறவரைப் பற்றி 1945இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிய நாட்டுக்குப் போகிறவர் தமக்குத் தெரியாத உலகத்துக்குள் நுழைகிறோம் என்று அறிந்தே போகிறார். ஊர் திரும்புகிறவரோ எல்லாம் தெரிந்த இடத்துக்குத் திரும்புவதாக நம்பி வருகிறார், அதனால்தான் அவருடைய அதிர்ச்சி கூடுதலாக இருக்கிறது என்பது அதில் அவர் சொன்ன ஒரு கருத்து. பிரிந்திருந்த காலத்தில் வெளியே போனவரும் மாறியிருக்கிறார், இங்கேயே இருந்தவர்களும் மாறியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் மற்றவரைப் பழைய படியே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பேச்சு வறண்டுபோவது இதனால்தான். பழைய குறும்புகளைச் சொல்லிச் சிரிக்க முதல் ஒரு மணி நேரம் போதும். அதன்பின் இருவருக்கும் பொதுவான அனுபவம் இல்லாத நீண்ட காலப் பகுதி ஒன்று நடுவில் நிற்கிறது, அதைத் தாண்டாமல் நட்பு மீளாது. அதைத் தாண்ட ஒரே வழி, உங்களுக்குத் தெரியாத அந்த ஆண்டுகளைப் பற்றி அவரைக் கேட்பது: எப்படி அந்த வேலைக்கு வந்தார், கடினமான காலத்தில் யார் துணை நின்றார்கள், பெற்றோரின் கடைசி நாள்கள் எப்படி இருந்தன என்று. நீங்கள் இருக்கும் நாட்டைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காமல் விவரிக்க வேண்டாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசவே வேண்டாம். அவருடைய பெற்றோரில் ஒருவர் நீங்கள் இல்லாத காலத்தில் மறைந்திருந்தால், எவ்வளவு காலம் கடந்திருந்தாலும், அந்த இழப்பை முதல் சந்திப்பிலேயே நீங்களாகக் குறிப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதை விசாரிக்காமல் தொடங்கும் எந்தப் பேச்சும் மேலோட்டமாகவே முடியும்.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. நெடுநாள் தொடர்பில்லாத அறிமுகங்களை மீண்டும் நாடி, வேலை சார்ந்த ஆலோசனை கேட்கும்படி நிறுவன நிர்வாகிகளிடம் சொல்லி, டேனியல் லெவின் குழுவினர் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேச்சு நின்றிருந்த காலத்திலும் பழைய நம்பிக்கை பெருமளவு குலையாமல் இருந்ததையும், அவர்களிடமிருந்து கிடைத்த ஆலோசனை அன்றாடம் பழகுகிறவர்களிடம் கிடைக்காத புதுமையுடன் இருந்ததையும் அவர்கள் பதிவு செய்தார்கள். வேறு வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்பது பேச்சுக்குப் பொருளாகவும் ஆகலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர்கள் சிலருக்கு எழுதிவிட்டேன். எதிர்பாராத அன்போடு பதில்கள் வந்திருக்கின்றன. ஆனால் மிகவும் நெருக்கமாக இருந்த ஒருவர் செய்தியைப் படித்தும் பதில் எழுதவில்லை. மேலும், எங்கள் குடும்பத்தில் ஒருவரோடு பேச்சுவார்த்தை நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்குப் போகும்போது அவர் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை.

மறுமொழி 4

பதில் எழுதாத நண்பருக்குச் சில வாரங்கள் கழித்து இன்னும் ஒரே ஒரு முறை, சுருக்கமாக எழுதுங்கள். அதற்குமேல் வேண்டாம். அவர் நோயிலோ கடனிலோ மணமுறிவிலோ இருக்கலாம். பழைய நண்பன் தம்மை அந்த நிலையில் பார்ப்பதை விரும்பாமல் இருக்கலாம். பொதுவான நண்பர்களிடம் அவரைப் பற்றித் துருவி விசாரிக்காதீர்கள், அது அவர் காதுக்குப் போகும்போது வேறு பொருள் கொள்ளும். 'எப்போது தோன்றினாலும் எழுது, இதே எண்ணில் இருப்பேன்' என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால், ஆண்டுகள் கழித்தும் அவர் அந்த வரிக்குப் பதில் எழுத முடியும்.

பேச்சு நின்ற உறவினரின் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் போவதை நான் ஏற்கவில்லை. வாசலில் வந்து நிற்பவரை மறுக்க முடியாமல் உள்ளே அழைப்பது சமாதானம் ஆகாது. இருவரும் மதிக்கும் மூத்தவர் ஒருவர் வழியாக, வந்து பார்க்க விரும்புவதை மட்டும் முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். அவர் இசைந்தால் முதல் சந்திப்பைக் குறுகியதாக வைத்துக்கொண்டு, சச்சரவின் காரணத்தை அன்று எடுக்காமல் திரும்பிவிடுங்கள். யார் செய்தது சரி என்று தீர்ப்பதற்கு விடுப்பு நாள்கள் ஏற்றவை அல்ல. பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏற நேரிட்டால் முன்பிருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில், போரினாலோ இடப்பெயர்வினாலோ குடும்பத்தாரைப் பிரிந்து அவர்கள் இருக்குமிடமே தெரியாதவர்கள் இருந்தால், அவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு 1870ஆம் ஆண்டின் பிரெஞ்சு-பிரஷ்யப் போர்க்காலத்திலிருந்தே பிரிந்தவர்களைத் தேடி இணைக்கும் பணியைச் செய்துவருகிறது. அதன் மையத் தேடல் முகமை இன்றும் பல நாடுகளின் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களோடு சேர்ந்து இயங்குகிறது. இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வாழும் நாட்டின் சங்கத்திலேயே விண்ணப்பிக்கலாம். காணாமல் போனவரின் முழுப்பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஆண்டும் இடமும், கடைசியாகத் தொடர்பு இருந்த இடமும் காலமும் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணங்களில் வேறு வேறாக இருந்தால் எல்லா வடிவங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.