உப்புக்காற்றுக்குத் தாங்குகிற சன்ஸ்கிரீன் எது?

அக்காமாரே, எனக்கு ஊர் மண்டபம். தினமும் ஸ்கூட்டியில் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போகிறேன். மூக்கில் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் கருவாடாகக் காய்ந்துவிடும். மாதம் 500 ரூபாய்தான் ஒதுக்க முடியும்.

போன மாதம் ஃபேஸ்வாஷ், நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) சீரம், சன்ஸ்கிரீன் மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினேன். மூன்றாம் நாள் தாடையெல்லாம் பொரிப்பொரியாக வந்துவிட்டது. எதனால் என்றே தெரியவில்லை, என் அவசரம்தான்! சரி, இனி ஒவ்வொன்றாக, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட்டுத்தான்.

முதலில் சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவைக் காட்டும் எண்) 30க்குக் குறையக்கூடாது. வெயிலில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும் என்பதால் குட்டி டியூப் கட்டுப்படியாகாது. வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியாத, ஹெல்மெட் பட்டையில் வெள்ளையாக ஒட்டாத ஒன்றை யாராவது பயன்படுத்துகிறீர்களா? அம்மா கடலைமாவே போதும் என்கிறார். அது வெயிலைத் தடுக்காதே!