அப்டேட்: அம்மாவின் கண் துடிப்புக்கு போடாக்ஸ் போட்டாச்சு

அம்மாவுக்கு இடது கண்ணும் கன்னமும் வெட்டி வெட்டி இழுக்குது, தசையைத் தளர்த்துற போடாக்ஸ் ஊசி போடலாமான்னு ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தேன். போட்டாச்சு. இன்சுலின் ஊசி மாதிரி மெல்லிசு, கண்ணைச் சுத்தி நாலஞ்சு குத்து. மூணு நாள் ஒண்ணும் தெரியலை, காசு போச்சுன்னே நினைச்சேன். அஞ்சாம் நாள் துடிப்பு அடங்க ஆரம்பிச்சது. ஆனா இமை லேசா இறங்கிடுச்சு. மூணு வாரத்துல சரியாச்சு.

“அது அழகு ஊசியாச்சே”ன்னு கேட்டவங்களுக்கு: அமெரிக்காவுல 1989-ல முதல் அனுமதி கிடைச்சதே மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும்தான். புருவ நடுச் சுருக்கத்துக்கு 2002-லதான். நரம்பு தசைக்கு அனுப்புற சேதியைத் தற்காலிகமா மறிக்குது, அவ்வளவே. அதனால மூணு நாலு மாசத்துல மறுபடி போடணும்.

நேத்து அம்மா தானே ஊசியில நூல் கோத்தாங்க.