ஒளியும் வானலையும் சேர்ந்து வேலை செய்தால்: கலைச்சொல் பற்றி

வணக்கம்.

ஒளியும் வானொலி அலையும் சேர்ந்து தரவை அனுப்பும் அமைப்புக்கு முந்தைய மடலில் ‘கலப்பின ஒளி-வானொலித் தொடர்பு’ என்ற சொல் வந்தது, அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒளி, ஒலி இரண்டும் அடுத்தடுத்து வந்து காதைக் குழப்புகின்றன. இங்கே போவது தரவு. ஒலிக்கு வேலையே இல்லை. வானொலி அலையைக் ‘கதிரலை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் கதிர் என்றதும் ஒளிதான் நினைவுக்கு வரும். அதனால் ‘வானலை’ போதும்.

‘கலப்பின’ என்பதுதான் எனக்குப் பெரிய தடை. நெல்லில் அது சரி, இரண்டு வகை கலந்து மூன்றாவது பிறக்கிறது. இங்கே எதுவும் கலப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 790 டெராஹெர்ட்ஸ் வரை, வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ஒன்றையொன்று தொடுவதே இல்லை, வேலையைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன.

எப்படி என்று பார்த்தால் பெயர் தானே வரும். கூரையில் உள்ள எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்கித் தரவை அனுப்புகிறது. கீழே ஒரு சிறு கருவி ஒளியை மின்னோட்டமாக மாற்றுகிறது. அதில் ஏறி இறங்கும் பகுதி தகவல். மாறாமல் நிற்கும் நேர்மின்னோட்டப் பகுதி ஆற்றல், அதை அப்படியே சேமிக்கலாம். ஒளி சுவரைத் தாண்டாது. ஆகவே சேமித்த ஆற்றலைக் கொண்டே அந்தக் கருவி அதே தகவலை வானலையில் அடுத்த அறைக்கு அனுப்புகிறது. வானொலி நிலையங்கள் இதைத்தானே ‘அஞ்சல் செய்தல்’ என்றன? கருவிக்கு ‘அஞ்சல் முனை’ என்றே பெயர் வைக்கலாம். முழு அமைப்புக்கு என் பரிந்துரை: ஒளி-வானலைக் கூட்டுத் தொடர்பு.

அப்புறம் ஆற்றல் அனுப்புவதற்கு ஒரு சொல். ‘கடத்தல்’ என்றால் கம்பி வேண்டும். ‘பரிமாற்றம்’ இரு பக்கமும் நடப்பது. இங்கே ஒரு பக்கம்தான் போகிறது. ‘மின்னூட்டம்’ ஏற்கெனவே வேறு பொருளில் பாடநூல்களில் இருக்கிறது. ‘ஆற்றலூட்டல்’ எனக்குப் பிடித்திருக்கிறது: கொடுப்பவர், பெறுபவர் இருவரும் அதில் தெரிகிறார்கள்.

தகவலும் ஆற்றலும் ஒன்றாகப் போவதற்கு ‘உடன்நிகழ்’ (ஒரே நேரத்தில் நடக்கும்) என்ற அடைமொழியைச் சொன்னார்கள். அது நேரத்தை மட்டும் சொல்கிறது. உண்மையில் இரண்டும் ஒரே ஒளியிலிருந்து வருகின்றன. எல்இடிக்குத் தரும் நிலையான மின்னோட்டத்தை அதன் உச்ச வரம்பு நோக்கி உயர்த்தினால் ஆற்றல் கூடும், ஆனால் தகவல் ஏறி இறங்க இடம் குறையும். இந்த நெருக்கத்தை ‘ஓடு’ என்ற உருபே சொல்லிவிடுகிறது: ‘ஒளிவழித் தகவலோடு ஆற்றலூட்டல்’. வானலைக்கு ‘வானலைவழி’ என்று மாற்றினால் போதும்.

கொஞ்சம் நீளம்தான். ஆனால் வினையாக விரித்தால் இயல்பாக நிற்கிறது: ‘இந்த விளக்கு உணரிக்குத் தகவலோடு ஆற்றலையும் ஊட்டுகிறது.’ ‘உடன்நிகழ்’ வைத்து இப்படி ஒரு வாக்கியம் அமைகிறதா என்று யாராவது எழுதிப் பாருங்கள்.